இடுப்பில் மாட்டும் தோல் உறை: கொழும்பு வீட்டில் கையால் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கைத்துப்பாக்கிக்குத் தோல் உறை செய்பவரிடம் மூன்று விடயங்களை எதிர்பார்ப்பார்கள். ஓடினாலும் குனிந்தாலும் உள்ளே இருப்பது விழக்கூடாது. ஒரு கையால் இழுத்தால் சிக்காமல் வெளியே வர வேண்டும். எடுத்த பிறகும் உறையின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும். அப்போதுதான் பார்க்காமலே திரும்ப வைக்கலாம். தடித்த தோலை நனைத்து, பொருளின் மேலேயே அழுத்தி உருவமெடுத்துக் காயவைக்கும் முறை இந்த மூன்றுக்காகவும் வளர்ந்தது.

இலங்கையில் துப்பாக்கிக்கான கட்டளைச் சட்டம் 1916 இலேயே வந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த உறையால் ஒரு பயனும் இல்லை. ஆனால் செடி வெட்டும் கத்தரி பல வீடுகளில் இருக்கிறது. மொட்டைமாடியில் நாலு ரோஜாத் தொட்டி வைத்திருப்பவர்கூட அதைச் சாரத்தின் மடிப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். அதற்கு ஓர் இடுப்பு உறை செய்யக் கற்றுக்கொண்டால் துப்பாக்கி உறைக்காரரின் கைவேலை முழுவதும் வந்துவிடும். வெட்டு, தையல், நனைப்பு, உருவமெடுப்பு, விளிம்பு மெருகு எல்லாம் ஒன்றே. ஆகவே இந்த வழிகாட்டி கத்தரி உறையைத்தான் எடுத்துக்கொள்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கைவேலையின் குறிப்புகள் பெரும்பாலும் காய்ந்த காற்றுள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. "ஓர் இரவு காயவிடவும்" என்று அவற்றில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கொழும்பில் அந்த ஓர் இரவு முடிந்தும் தோல் ஈரமாகவே இருக்கும். இன்னும் சில நாள் அப்படியே விட்டால் தையலோரம் பூஞ்சணம் பூக்கும். நம் ஊரில் ஊசி பிடிப்பது பழகினால் வந்துவிடும். ஈரத்தைக் கையாளுவதுதான் வேலை. எந்தத் தோல், எந்த ஆணி, எந்த மெழுகு, எந்த மாதம் என்ற எல்லா முடிவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் உறையை ஜனவரி, பெப்ரவரியில் தொடங்க முடியுமானால் தொடங்குங்கள். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்திலும், ஒக்டோபர், நவம்பரின் பிற்பகல் மழைக்காலத்திலும் செய்யலாம். காயவைப்பதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தோலைத் தெரிவு செய்தல்

தோல் பதனிடுவதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று மரப்பட்டை, காய் போன்றவற்றின் துவர்ப்பால் பதனிடுவது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பேர்போனவை. மற்றது குரோமிய உப்பால் பதனிடுவது. சப்பாத்தின் மேல்தோல், கைப்பை, சோபா உறை எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. மெதுவாக இருக்கும், நிறம் நிற்கும், நனைந்தால் பெரிதாகக் கெடாது. உறைக்கு மட்டும் அது உதவாது. நனைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

நமக்கு வேண்டியது பட்டையால் பதனிட்ட, சாயமோ பூச்சோ இல்லாத மாட்டுத் தோல், தடிப்பு 2.8 முதல் 3.2 மி.மீ. கைத்துப்பாக்கி உறைக்கும் ஏறக்குறைய இதுதான், சிலர் 3.6 மி.மீ. வரை போவார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் தோலின் தடிப்பை அவுன்ஸில் எழுதியிருப்பார்கள். ஓர் அவுன்ஸ் என்பது ஓர் அங்குலத்தில் 64 இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மி.மீ. எட்டு அவுன்ஸ் என்றால் 3.2 மி.மீ. என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புறக்கோட்டையில் சப்பாத்து, கைப்பை மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேட்கும்போது "பட்டையில் பதனிட்டது" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "நானா, இடுப்புப் பட்டிக்குப் போடுகிற தடித்தோல் இருக்கிறதா? நிறம் போடாதது வேண்டும்" என்று கேளுங்கள். எடுத்துக் காட்டுவார். பிறகு நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் சாம்பல் நீலம் தெரிந்தால் அது குரோமியம். மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நல்ல அறிகுறி. விரலில் தண்ணீர் தொட்டு ஒரு மூலையில் வையுங்கள். துளி சிறிது நேரத்தில் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் அது நமக்கான தோல். துளி உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. இன்னும் சந்தேகமானால் ஒரு சிறு துண்டை வாங்கிவந்து கொதிக்கும் நீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு இறுகிப்போகும், குரோமியத் தோல் அசையாமல் கிடக்கும். இந்தச் சோதனை இன்னொன்றையும் கற்றுத்தருகிறது: இந்தத் தோலுக்குச் சூடு எதிரி. அதைக் காயவைக்கும் கட்டத்தில் பார்ப்போம்.

சிலர் தோலைக் கொளுத்திப் பார்த்துச் சாம்பலின் நிறத்தை வைத்துச் சொல்வார்கள். குரோமியத் தோலை எரித்த புகையை மூச்சில் வாங்குவது நல்லதல்ல. அந்தச் சோதனை வேண்டாம்.

வயிற்றுப் பகுதித் தோலை மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். இழுபடும், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். முதுகு அல்லது பின்பகுதித் தோல்தான் உருவத்தைப் பிடித்துவைக்கும். ஓர் உறைக்கு ஒரு சதுர அடி தாராளமாகப் போதும். இரண்டு வாங்குங்கள், ஒத்திகைக்கும் வேண்டும்.

கருவிகள்

கூரான கத்தி, இரும்பு அளவுகோல், குத்தூசி, முனை மழுங்கிய இரண்டு ஊசி, 0.8 அல்லது 1 மி.மீ. தடிப்புள்ள மெழுகிட்ட பொலியெஸ்டர் நூல், தேன்மெழுகு, தோல் ஒட்டும் பசை, உப்புத்தாள், ஒரு சமையல் தராசு. தராசு எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள். தையல் துளைகளைச் சம இடைவெளியில் குறிக்கும் பல் உளி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாப்பாட்டு மேசை முள்ளுக்கரண்டியை அழுத்திக் குறித்து, குத்தூசியால் துளைக்கலாம். கடைசித் துளையில் முதல் பல்லை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் இடைவெளி பிசகாது.

சுத்தியல், குறடு போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெருவில் ஒரு சுற்று வந்தால் எல்லாம் முடிந்துவிடும். அங்கே ரிவெட் வாங்குவதானால் பித்தளை அல்லது செம்பு மட்டும். இரும்பில் முலாம் பூசியது வேண்டாம். ஈரமான பட்டைத் தோலில் இரும்பு பட்டால் தோலில் உள்ள துவர்ப்போடு சேர்ந்து கருநீலக் கறை விழும். கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே இது விளங்கும்.

அச்சு வெட்டுதல்

வேலையின் தலையெழுத்து இந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது. தையல் கோணினால் அழகுதான் குறையும். அச்சு பிழைத்தால் உறை உறையாகாது.

மடிப்பு உறை தொடக்கக்காரருக்கு ஏற்றது. ஒரே துண்டுத் தோல் புத்தகம்போல் மடிந்து, ஒரு பக்கம் மட்டும் தைக்கப்படும். பின்பக்கத் துண்டு மேலே நீண்டு, திரும்ப மடிந்து இடுப்புப் பட்டி நுழையும் வளையமாகும்.

மெல்லிய காட்போட் மட்டை ஒன்றில் நடுக்கோடு போடுங்கள். அதுதான் மடிப்புக் கோடு. கத்தரியை மூடிப் பூட்டி, நேரான பக்கம் கோட்டை நோக்கி இருக்க மட்டையின் மேல் கிடத்துங்கள். கோட்டில் ஒட்டி வைக்கக்கூடாது. தோல் கத்தரியைச் சுற்றி வர வேண்டுமல்லவா? கத்தரியின் தடிப்பில் பாதி அளவு தள்ளி வையுங்கள். சாதாரணக் கத்தரி 20 அல்லது 21 செ.மீ. நீளம் இருக்கும், நடு ஆணி உள்ள இடம்தான் மிகத் தடித்தது. அது 22 மி.மீ. என்றால் கோட்டிலிருந்து 11 மி.மீ. தள்ள வேண்டும். இப்போது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள்.

கத்தரியின் மறுபக்கத்தில், மடிப்புக் கோட்டுக்கு எதிர்ப்புறம், தையல் கோடு எங்கே வரும்? அந்த இடத்தில் கத்தரியின் தடிப்பில் பாதி, அதோடு தோலின் தடிப்பு. நடு ஆணிக்கு எதிரே 11 உம் 3 உம் சேர்த்து 14 மி.மீ. வெளியே. அலகின் நுனியில் தடிப்பு 8 மி.மீ. தான் என்றால் 4 உம் 3 உம் சேர்த்து 7 மி.மீ. இடத்துக்கு இடம் அளந்து புள்ளி வைத்து, புள்ளிகளை வளைவாக இணையுங்கள். எல்லா இடத்திலும் ஒரே தூரம் விடுவதுதான் தொடக்கக்காரர் செய்யும் வழமையான பிழை. அப்படிச் செய்தால் ஆணியிடத்தில் இறுகி, நுனியில் தொளதொளவென்று ஆடும்.

தையல் கோட்டுக்கு வெளியே 8 மி.மீ. விட்டு விளிம்புக் கோடு போடுங்கள். பிறகு தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம். உறையின் ஆழம் 15 அல்லது 16 செ.மீ. போதும். கைபிடியில் நாலு விரல் பற்றும் அளவு வெளியே நிற்க வேண்டும். அடிநுனியில் தையலை முழுவதும் மூடாமல் ஒரு சிறு இடைவெளி விடுங்கள். மழைநீரும், கத்தரியோடு வரும் மண்ணும் செடிப்பாலும் வெளியேற வழி வேண்டும். இது காய்ந்த ஊர்க்காரருக்கு விருப்பம், நமக்குக் கட்டாயம்.

பின்பக்கத்தில் வாய்க்கு மேலே 14 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு நாக்கு விடுங்கள். அது பாதியில் மடிந்து 7 செ.மீ. கீழே இறங்கும். அதில் கடைசி 1.5 செ.மீ. உறையின் முதுகில் தைக்கப்படும். மீதி 5.5 செ.மீ. இடைவெளியில் 4 செ.மீ. பட்டி தாராளமாக நுழையும்.

தனியே இன்னொரு துண்டும் வேண்டும்: தையல் பக்கம் முழுவதும் ஓடும் 12 மி.மீ. அகலமான இடைப்பட்டை. இரண்டு தோலுக்கும் நடுவில் அது இருந்தால் அலகு நூலை அறுக்காது. இடைப்பட்டை வைத்தால் தையல் கோட்டை 1 அல்லது 2 மி.மீ. உள்ளே நகர்த்தலாம்.

மட்டையை வெட்டி மடித்து, இடுக்கியால் பிடித்துக் கத்தரியை உள்ளே விட்டுப் பாருங்கள். மட்டை தோலைவிட மெல்லியது, ஆகவே இங்கே சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். இங்கேயே இறுக்கமென்றால் தோலில் நுழையவே நுழையாது.

மலைநாட்டில் உறவினர் உள்ளவர்கள் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்திக்கும் இதேபோல் செய்யலாமா என்று கேட்பதுண்டு. செய்யலாம். அலகு வளைந்திருப்பதால் மடிப்பு அலகின் முதுகுப் பக்கம் வர முடியாது. இரண்டு துண்டாக வெட்டி இரு பக்கமும் தைக்க வேண்டும். கூர்ப் பக்கத்து இடைப்பட்டையை இரட்டிப்பாக்குங்கள்.

வெட்டும், தைக்கும் முன்னான சிறு வேலைகளும்

தோலின் வழவழப்பான மேற்பக்கத்தில் அச்சை வைத்துக் குத்தூசியால் கோடு கீறி, கத்தியைச் சாய்க்காமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் வளைவில் கத்தி வழுக்கும்.

வளையத்தை முதலில் தைத்துவிட வேண்டும். உறை மடிந்த பிறகு ஊசி பிடிக்க உள்ளே கை போகாது. நாக்கு வெளிப்புறமாக மடிவதால் அதன் சொரசொரப்பான உட்பக்கம்தான் வெளியே தெரியும். உடம்போடு ஒட்டும் பக்கம், பரவாயில்லை. ஆனால் ஒட்டும் இடத்தில் வழவழப்பும் வழவழப்பும் சந்திக்கின்றன, பசை பிடிக்காது. அந்த 1.5 செ.மீ. பகுதியை இரு பக்கமும் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். உறையின் வாய் விளிம்பையும் இப்போதே தேய்த்து மெருகேற்றிவிடுங்கள்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. இரு பக்கமும் பூசி, ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தும் வகைப் பசை கொழும்பின் மழைநாளில் ஏமாற்றும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். மேலே வெளிறிய படலம்போல் தெரியும், தொட்டால் காய்ந்ததுபோலவும் இருக்கும், ஒட்டினால் பிடிக்காது. மின்விசிறிக்கு எதிரே, ஜன்னலைத் திறந்து வைத்து, டப்பாவில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் நேரம் விடுங்கள்.

தையல்

இயந்திரத் தையலில் மேல்நூல் மேலேயும் கீழ்நூல் கீழேயும் இருந்து நடுவில் கொக்கி போட்டுக்கொள்ளும். ஓர் இடத்தில் அறுந்தால் வரிசையாக உருவிவிடும். உறைக்குப் போடும் இரட்டை ஊசித் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி இருக்கும். ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகக் கடக்கும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் நூலைப் பிடித்துக்கொள்ளும்.

நூல் எவ்வளவு எடுப்பது? தையல் நீளத்தைப்போல் நாலு மடங்கு என்று எல்லாக் குறிப்பும் சொல்லும். அது மெல்லிய தோலுக்கு. நமது மூன்று அடுக்கு சேர்ந்து 9 மி.மீ. தையலுக்குத் தையல் 4 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு தையலிலும் ஒரு முனை 4 மி.மீ. நடந்து 9 மி.மீ. துளைக்குள் போகிறது, ஆக 13. இரு முனைக்கும் 26. அதாவது ஆறரை மடங்கு. 20 செ.மீ. தையலுக்கு 130 செ.மீ.; கையில் பிடிக்க இன்னும் 40 சேர்த்து 170 வெட்டுங்கள். பாதி வழியில் நூல் தீர்ந்து முடிச்சுப் போடுவதைவிட மீதியை வீசுவது மேல்.

இடைப்பட்டையை வைத்து ஒட்டி, விளிம்பிலிருந்து சம தூரத்தில் கோடு கீறி, துளைகளைக் குறித்துவிட்டு உறையை இரு முழங்கால்களுக்கு நடுவில் இரண்டு பலகைத் துண்டுகளால் இறுக்கிப் பிடியுங்கள். குத்தூசியை முன்பக்கமிருந்து குத்துங்கள். நுனி பின்பக்கம் கோட்டில் வெளிவருகிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குத்தூசியை எடுத்ததும் இடக்கை ஊசி முதலில் உள்ளே போகும். அது வலப்பக்கம் வந்ததும் வலக்கை ஊசியை அதன் பின்னால் குறுக்காக வைத்து, வந்த நூலைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு அதே துளையில் செலுத்துங்கள். பின்னுக்கு இழுப்பது எதற்கென்றால், ஊசி நூலையே துளைத்துவிட்டால் பிறகு இறுக்க முடியாது. இரு நூலையும் இரு பக்கமும் சமமாக இழுங்கள். நூல் தோலில் அழுந்திப் பதியும் வரை இழுத்தால் போதும், தோல் சுருங்கும் வரை வேண்டாம். எந்த ஊசி முதலில் என்ற வரிசையை நடுவில் மாற்றினால் அந்த ஒரு தையல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, உறை உள்ள காலமெல்லாம் கண்ணில் குத்தும்.

முடிவில் மூன்று தையல் பின்னோக்கி வந்து, நூலைத் தோலோடு வெட்டி, தீக்குச்சிச் சூட்டைக் காட்டினால் பொலியெஸ்டர் உருகி அடைத்துக்கொள்ளும்.

நிறம், நனைப்பு, உருவம்

கறுப்பு உறை வேண்டுமென்றால் சாயம் வாங்கத் தேவையில்லை. சவர்க்காரத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவிய இரும்புப் பஞ்சை ஒரு போத்தலில் போட்டு, தென்னை வினாகிரி ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்கக்கூடாது, இரும்பும் அமிலமும் சேர்ந்தால் ஐதரசன் வாயு வரும். வடித்தெடுத்த நீரைப் பட்டைத் தோலில் தடவினால் துவர்ப்போடு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கும். மேலே சாயம் அப்பியதுபோல் அல்லாமல் தோலே கறுப்பாகிவிடுவதால் வியர்வையில் சட்டையில் ஒட்டாது. தோலில் துவர்ப்புக் குறைவாக இருந்தால் கறுப்பு சாம்பலாக நிற்கும். அதற்குக் கடும் சாயத் தேநீர் போட்டு ஆறவைத்து முதலில் ஒரு பூச்சுப் பூசுங்கள். தேயிலையின் துவர்ப்பு அந்தக் குறையை நிரப்பும். இந்த நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

கறுத்த பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அமிலம் தங்கினால் தோலையும் கத்தரியையும் தின்னும். தைப்பதற்கு இருண்ட நிற நூலை எடுத்திருந்தால் இந்த வேலையைத் தைத்த பிறகே செய்யலாம். தோல் ஏற்கெனவே நனைந்துவிட்டது, நேரே உருவமெடுக்கப் போகலாம். ஈர ஊரில் இது பெரிய இலாபம்: இரண்டு முறை நனைத்து இரண்டு முறை காயவைக்காமல் ஒரே முறையில் முடிகிறது. வினாகிரி வாடை சில நாள் இருக்கும், பிறகு போய்விடும்.

நிறம் வேண்டாமென்றால் உறையை நனைக்கும் முன் தராசில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறமிடுபவர்கள் முதல் பூச்சுக்கு முன்பே நிறுத்துவிட வேண்டும். சுமார் 125 கிராம் இருக்கும்.

இனி நனைப்பு. குமிழி நிற்கும்வரை அமிழ்த்திவைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். அவ்வளவு தண்ணீரைக் கொழும்புக் காற்று திரும்ப வாங்காது. வெதுவெதுப்பான நீரில் சில வினாடி முக்கி எடுத்து, வெளியே வைத்துப் பாருங்கள். முதலில் கறுத்த பழுப்பாக இருக்கும். மேற்பரப்பு மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். ஆனால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் தெளிவாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக்கூடாது. அதுதான் பதம். கறுப்பிட்ட தோலில் நிறம் பார்த்துச் சொல்ல முடியாது, நகத்தைத்தான் நம்ப வேண்டும்.

கத்தரியைச் சமையலறையில் சுற்றிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி, உறைக்குள் அழுத்துங்கள். இறுக்கமாகப் போகும், போக வேண்டும். கட்டைவிரல்களால் வெளியிலிருந்து தடவித் தடவி உருவத்தைத் தேடுங்கள். எங்கே அழுத்துவது என்பதில்தான் உறைக்காரரின் அறிவு இருக்கிறது. துப்பாக்கி உறையில் பிடிப்பு விசைக்காப்பு வளையத்தைச் சுற்றி வரும். விசையைத் தோல் முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே மீற முடியாத விதி. கத்தரிக்குப் பிடிப்பு நடு ஆணியைச் சுற்றியும், கைபிடி விரியத் தொடங்கும் தோளிலும் வர வேண்டும். அலகைச் சுற்றி அழுத்துவதால் பயனில்லை. வில்லின் முனை, பூட்டுக் கொண்டி உள்ள இடங்களில் ஆழமாக அழுத்தினால் இழுக்கும்போது மாட்டிக்கொள்ளும். ஆணியின் வட்டத்தை மட்டும் தெளிவாக எடுங்கள். விரல் போதாத இடத்துக்கு மரக்கரண்டியின் காம்பு, அல்லது நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டைத் துண்டு. உலோகக் கரண்டி வேண்டாம், நகமும் வேண்டாம். ஈரத் தோலில் விழுந்த கீறல் போகாது.

ஒரு மணித்தியாலம் அளவில் உருவம் நிற்கத் தொடங்கும். அப்போது கத்தரியை வெளியே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உள்ளே இருக்கும்வரை தோலின் உட்பக்கம் காயாது, பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும். வாய் சுருங்காமலிருக்க ஒரு மரத்துண்டைக் குறுக்கே வைக்கலாம்.

காயவைத்தல்

வெயிலில் வைக்காதீர்கள். வெளித்தோல் முந்திக் காய்ந்து சுருங்கும், வெடிக்கும். கொதிநீரில் சுருண்ட துண்டு நினைவிருக்கும். 50 பாகைக்கு மேல் சூடு படவே கூடாது. தலைமுடி உலர்த்தியைக் கிட்டப் பிடித்தால் அந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும்.

மின்விசிறி மட்டும் போதுமா என்றால் மழைநாளில் போதாது. ஈரக் காற்றை ஈரத் தோலின் மேல் வீசுகிறது, அவ்வளவுதான். குளிரூட்டி உள்ள அறை கிடைத்தால் அதுதான் சிறந்தது. குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. அந்த அறையில் கயிற்றில் தொங்கவிட்டு, சற்றுத் தள்ளி மின்விசிறியை வையுங்கள். குளிரூட்டி இல்லாதவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, மாலையில் உள்ளே எடுக்க வேண்டும். இரவுக் காற்று ஈரத்தைத் திரும்பத் தோலுக்குள் ஏற்றும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஈர ஊரில் எல்லாமே சற்றுக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இங்கே தராசு வருகிறது. 125 கிராமாக இருந்த உறை நனைந்தபின் 170 கிராம் என்றால், 127 அல்லது 128 வரும்வரை அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. காலையும் மாலையும் நிறுத்து எழுதுங்கள். இரண்டு நாளிலும் முடியலாம், ஐந்து நாளும் எடுக்கலாம். ஈரத்தை உள்ளே வைத்து மேலே மெழுகு பூசுவது, பூஞ்சணத்துக்கு அறை வாடகைக்குக் கொடுப்பது போன்றது.

விளிம்பும் மெழுகும்

தைத்த விளிம்பில் மூன்று அடுக்கும் ஏறி இறங்கி இருக்கும். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லியதற்கு வந்து, மூன்றும் ஒன்றாகத் தெரியும்வரை தேயுங்கள். தையலிலிருந்து 5 மி.மீ. மிஞ்சினால் போதும். மூலையைச் சரித்து, விரலில் தண்ணீர் தொட்டு விளிம்பை மட்டும் ஈரமாக்கி, கனத்த துணியால் வேகமாகத் தேய்த்தால் நார்கள் படிந்து பளபளக்கும். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்து மறுபடி துணி. சிலர் விளிம்பு படியக் கஞ்சி பூசுவார்கள். நம் ஊரில் அது பூஞ்சணத்துக்கும் எறும்புக்கும் உணவு.

தோலுக்குத் தேங்காயெண்ணெய் போடுவது வீட்டுப் பழக்கம். செருப்புக்குச் சரி. உருவமெடுத்த உறைக்கு எந்த எண்ணெயும் தனியாகப் போடாதீர்கள். தோல் நெகிழ்ந்து பிடிப்பை இழக்கும், தூசியும் ஒட்டும். ஒரு பங்கு தேன்மெழுகு, இரண்டு பங்கு எண்ணெய் என்று எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பாகும். வெளிப்பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசி, ஓர் இரவு விட்டு, துணியால் துடையுங்கள். உட்பக்கத்தை அப்படியே விடுங்கள்.

பொருத்தம் பார்த்தல்

கத்தரியை வைத்து உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழக்கூடாது. பட்டியில் மாட்டி ஒரு கையால் இழுங்கள், உறை கூடவே ஏறி வரக்கூடாது. மிக இறுக்கமென்றால் கத்தரியைப் பிளாஸ்டிக் தாளால் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே செருகி ஓர் இரவு வைத்தால் தளரும். தளர்வென்றால் நடு ஆணியிடத்தை மட்டும் ஈரப் பஞ்சால் நனைத்து மறுபடி அழுத்துங்கள். மெழுகு பூசும் முன் பார்த்தால் இது எளிது. கறுப்பிடாத தோலில் இரும்புக் கறை விழுந்திருந்தால் தேசிக்காய்ச் சாற்றைத் தண்ணீரில் கலந்து தடவினால் ஓரளவு மங்கும், முழுவதும் போகாது.

வைத்திருப்பது

பொலித்தீன் பையிலோ மூடிய அலுமாரியிலோ வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் படும் ஆணியில் தொங்கட்டும். வெள்ளை படர்ந்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்து, பாமசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தடவி, நிழலில் உலர்த்தி, மெழுகை மீண்டும் ஒரு முறை பூசுங்கள். வேலை முடிந்ததும் கத்தரியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வேறாக வையுங்கள். பட்டைத் தோலில் இயல்பாகவே சிறிது அமிலம் உண்டு. அதோடு கொழும்பின் ஈரமும் சேர்ந்தால் அலகு துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது. இடுப்புப் பட்டி வளையத்தின் தையலைத்தான் முதலில் பழுது பார்க்க வேண்டி வரும், பாரம் முழுவதும் அங்கே விழுவதால். இரண்டு நூல் பிரிந்ததும் பிரித்துத் தைத்துவிடுங்கள், பழைய துளைகளே போதும்.